ஆறு நாட்களும் நாற்பத்தோரு ஆண்டுகளும்

அமெரிக்கக் கால்பந்து என்றதும், காலால் அதிகம் தொடப்படாத ஒரு பந்துக்கு அப்பெயர் எப்படி வந்தது என்ற வேடிக்கைக் கேள்வியோடு நம்மில் பலருடைய ஆர்வம் முடிந்துவிடுகிறது. அதில் தவறில்லை. ஆயினும் ஒரு சமூகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் கதைகளில் அக்கறை உள்ளவர்கள் அந்நாட்டின் கல்லூரிக் கால்பந்தை முற்றாக ஒதுக்கிவிட இயலாது. தென் மாநிலங்களில் அந்த ஆட்டத்துக்குத் தலபுராணங்கள் உண்டு, திருவிழாக்கள் உண்டு, பரம்பரைப் பகைகளும் உண்டு. அப்புராணங்களுள் மிகப் புகழ்பெற்ற ஒன்று, டென்னசி மாநிலத்தில் கம்பர்லேண்ட் பீடபூமியின் மேல் அமைந்த சுவானி என்ற சிற்றூரின் கல்லூரி அணி 1899-ஆம் ஆண்டில் ஆடிய பருவம் பற்றியது. அது நிகழ்ந்தது குறித்து ஐயமில்லை. அது சொல்லப்படும் விதத்தில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு.

முதலில் கதை. சுவானியின் முறையான பெயர் தென்னகப் பல்கலைக்கழகம். எபிஸ்கோபல் திருச்சபையின் ஆயர்கள் 1857-இல் அதற்கு வித்திட்டனர். உள்நாட்டுப் போர் முடிந்த பின் 1868-இல்தான் வகுப்புகள் தொடங்கின. 1899-இல் அங்கு பயின்றவர்கள் சில நூறு பேரே. அந்த இளைஞர்களிலிருந்து திரட்டப்பட்ட அணி, பில்லி சூட்டர் என்ற பயிற்சியாளரின் கீழ், ஹென்றி சீபல்ஸின் தலைமையில் அவ்வாண்டு பன்னிரண்டு ஆட்டங்களை ஆடியது. பன்னிரண்டிலும் வென்றது. எடுத்த புள்ளிகள் 322. கொடுத்தவை 10.

இவற்றினும் வியப்புக்குரியது நவம்பர் மாதத்துப் பயணம். நவம்பர் 9 அன்று ஆஸ்டினில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தை 12-0 என வென்றனர். மறுநாள் ஹூஸ்டனில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை 10-0. அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேன் அணியை 23-0. ஞாயிறன்று ஓய்வு, அது திருச்சபையின் கல்லூரி. திங்களன்று பேட்டன் ரூஜில் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 34-0. செவ்வாயன்று மெம்ஃபிஸில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தை 12-0. ஆறு நாட்கள், ஐந்து ஆட்டங்கள், ஏறத்தாழ 2,500 மைல் ரயில் பயணம். ஐந்திலும் எதிரணி ஒரு புள்ளிகூடப் பெறவில்லை.

அக்காலத்து ஆட்டத்தை இன்றைய தொலைக்காட்சி ஆட்டத்தோடு ஒப்பிட்டுவிடக் கூடாது. பந்தை முன்னோக்கி எறிவதற்கு அப்போது அனுமதியில்லை. அந்த விதி 1906-இல்தான் வந்தது. மூன்று முயற்சிகளில் ஐந்து கஜம் முன்னேற வேண்டும். எனவே இரு அணிகளும் ஒருவர் மேல் ஒருவர் மோதி, அங்குலம் அங்குலமாக நிலத்தைப் பிடித்தனர். வெளியேறிய ஆட்டக்காரர் மீண்டும் களமிறங்க விதி இடம் தரவில்லை. ஆகவே அடிபட்டவர்களும் கூடியவரை களத்திலேயே நின்றார்கள். 1905-க்குள் இந்த ஆட்டத்தில் நேர்ந்த மரணங்கள் நாட்டையே உலுக்கி, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேச நேர்ந்தது. அத்தகைய ஆட்டத்தை ஏறத்தாழ ஒரே குழுவினர் ஒரு வாரத்துக்குள் ஐந்து முறை ஆடினர் என்பது, எந்தக் கோணத்தில் பார்த்தாலும், மனித உடலின் தாங்குதிறனுக்கு ஒரு சான்று.

பருவம் அத்துடன் முடியவில்லை. நவம்பர் 30 அன்று மான்ட்கமரியில் ஆபர்ன் அணியைச் சந்தித்தனர். அதன் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்று கல்லூரிக் கால்பந்தின் மிக உயர்ந்த விருது அவர் பெயரால் வழங்கப்படுகிறது. அன்று சுவானி 11-10 என்று மயிரிழையில் தப்பியது. அவ்வாண்டு முழுவதும் அது கொடுத்த பத்துப் புள்ளிகளும் அந்த ஓர் ஆட்டத்தில் கொடுத்தவையே. இரண்டு நாட்கள் கழித்து அட்லாண்டாவில் வட கரோலினாவை 5-0 என வென்று பருவத்தை நிறைவு செய்தனர்.

இனி என் மாறுபாட்டுக்கு வருகிறேன். இக்கதையை எடுத்துரைப்போர் பலரும் இதை ஒரு பொற்காலச் சித்திரமாக வரைகிறார்கள். பணம் புகாத காலம், ஆட்டத்துக்காகவே ஆடிய இளைஞர்கள், கிரேக்கமும் லத்தீனும் படித்துவிட்டு மாலையில் மைதானத்துக்கு இறங்கியவர்கள் என்றெல்லாம். இன்றைய வணிகமயமான கல்லூரி விளையாட்டைக் கண்டிப்பதற்கு அந்த 1899-ஐ ஓர் அளவுகோலாக நீட்டுகிறார்கள். எனக்கு இது உண்மைக்குப் பொருந்துவதாகத் தோன்றவில்லை.

அந்தப் பயணம் ஏன் நிகழ்ந்தது? சுவானிக்கும் நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நுழைவுக் கட்டண வசூலைப் பங்கிடுவதில் தகராறு எழுந்தது. ஆண்டின் மிகப் பெரிய வருவாய் தரக்கூடிய அந்த ஆட்டம் அவ்வாண்டு நடைபெறாமற் போயிற்று. விழுந்த துண்டை ஈடுகட்ட, அணியின் மாணவ மேலாளர் லூக் லீ வகுத்த திட்டமே இந்த ரயில் பயணம். ஒரே செலவில் கூட்டம் சேரும் நகரங்களையெல்லாம் கோத்துவிட வேண்டும் என்பதே கணக்கு. ஆறு நாட்களில் ஐந்து ஆட்டம் என்பது வீரத்தின் கணக்காகத் தொடங்கவில்லை. வரவு செலவின் கணக்காகத் தொடங்கியது. லூக் லீயும் சாமானியரல்லர். பின்னாளில் நாஷ்வில்லில் நாளிதழ் தொடங்கினார், அமெரிக்க மேலவையில் அமர்ந்தார், 1919-இல் ஹாலந்தில் அடைக்கலம் புகுந்திருந்த ஜெர்மானியப் பேரரசரைத் தூக்கிவரவும் முயன்றார், 1931-இல் வங்கி மோசடி வழக்கில் தண்டனையும் பெற்றார். அவரைப் பற்றி யாரேனும் நாவல் எழுதினால் மிகைப்படுத்தல் என்று விமர்சகர்கள் குறை சொல்லக்கூடும்.

ஆகவே பணம் பின்னாளில் வந்து ஆட்டத்தைக் கெடுத்தது என்ற வாதம் நிற்காது. பணம் அந்த ரயிலிலேயே ஏறியிருந்தது. உடலால் உழைத்தவர்கள் ஆட்டக்காரர்கள். வசூல் போய்ச் சேர்ந்தது வேறிடம். இன்று நாம் குறைபட்டுக்கொள்ளும் அமைப்பின் மூதாதை அது. எதிரி அன்று.

புராணம் விட்டுவிடும் மற்றொன்றும் உண்டு. அந்த அணியோடு பர்ரோஸ் என்ற கறுப்பினத்தவர் ஒருவரும் பயணம் செய்தார். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும் அந்த உடல்களைப் பிடித்துவிட்டு, காயங்களைப் பார்த்து, மறுநாளைக்கு எழுந்து நிற்கச் செய்தது அவருடைய கைகள். அவர் பணிபுரிந்த கல்லூரியில் அவர் இனத்தவர் படிக்க இயலாது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் ஆயர் லியோனிடாஸ் போல்க். நூற்றுக்கணக்கான அடிமைகளின் உடைமையாளர். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட படையின் தளபதியாக 1864-இல் மாண்டவர். அணி கடந்து சென்ற லூயிசியானா மாநிலத்தின் ரயில் பெட்டி ஒன்றில் எழுந்த வழக்கில்தான், மூன்றாண்டுகளுக்கு முன், 1896-இல், இனவாரியாகப் பெட்டிகளைப் பிரிப்பது சட்டப்படி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பொற்காலம் என்ற சொல்லைக் கையாளும்போது அது யாருக்குப் பொன்னாக இருந்தது என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. சுவானியே இக்கேள்வியைத் தன்னிடம் கேட்டுக்கொண்டு, 2020-இல் தன் ஆட்சிக் குழுவின் வாயிலாக அந்தப் பழம்பெருமையை வெளிப்படையாக மறுதலித்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அவ்வாறெனில் சுவானியின் கதையில் போற்றத்தக்கது எதுவுமில்லையா? உண்டு. ஆனால் அது 1899-இல் இல்லை, 1940-இல் இருக்கிறது.

1932 டிசம்பரில் தென்கிழக்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை அமைத்தபோது, பழைய புகழின் காரணமாகச் சுவானியும் அதன் நிறுவன உறுப்பினராயிற்று. ஆனால் காலம் மாறியிருந்தது. மாநில அரசுகளின் பல்கலைக்கழகங்கள் பெருகி வளர்ந்து, பயிற்சியாளர்களையும் உதவித்தொகைகளையும் கொண்டு அணிகளைக் கட்டின. கூட்டமைப்பின் அணிகளோடு சுவானி ஆடிய ஆட்டங்கள் 37. வென்றவை எத்தனை? ஒன்றுகூட இல்லை. அப்போது துணைவேந்தராக இருந்த அலெக்சாண்டர் கெரி, ஆட்டக்காரர்களுக்கு உதவித்தொகை கொடுத்து விலைக்கு வாங்கும் முறை கல்விக்கு ஒவ்வாதது என்ற முடிவுக்கு வந்தார். 1940 டிசம்பரில் சுவானி கூட்டமைப்பிலிருந்து விலகிற்று. ஓராண்டுக்கு முன்புதான், 1939 டிசம்பரில், ராபர்ட் ஹட்சின்ஸ் தலைமையிலிருந்த சிகாகோ பல்கலைக்கழகம் தன் புகழ்பெற்ற கால்பந்து அணியையே கலைத்திருந்தது. சுவானி கலைக்கவில்லை. தன் அளவுக்கேற்ற கல்லூரிகளோடு தொடர்ந்து ஆடியது. இன்றும் விளையாட்டுக்கென்று உதவித்தொகை வழங்காத மூன்றாம் பிரிவில் ஆடிவருகிறது.

தோற்றவன் விலகினான், இதில் என்ன பெருமை என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் தோல்வி மட்டுமே ஒரு நிறுவனத்தை விலகச் செய்துவிடுவதில்லை. பெரும்பாலும் அது எதிர்த்திசையில் தள்ளுகிறது. இன்னும் பெரிய மைதானம், இன்னும் விலையுயர்ந்த பயிற்சியாளர், இன்னும் கொஞ்சம் கடன், அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. 322-க்கு 10 என்ற நினைவு சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு கல்லூரிக்கு, இனி அந்த வரிசையில் நாங்கள் இல்லை என்று சொல்வது எளிதன்று. வெற்றி பெறத் தாங்குதிறன் போதும். தன் வலியறிந்து விலக வேறொரு திறன் வேண்டும். அது அரிது.

எதிர்வாதத்தில் இன்னொரு கூர்மையான முனையும் உண்டு. சுவானி வசதி படைத்தோரின் பிள்ளைகள் படித்த இடம். உதவித்தொகை வேண்டாம் என்று அறம் பேசுவது அதற்கு எளிது. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, குறிப்பாகக் கறுப்பினப் பிள்ளைக்கு, பிற்காலத்தில் கல்லூரி வாசலைத் திறந்துவிட்டது கால்பந்துதானே? இதை நான் மறுக்கவில்லை. ஆனால் இதன் தர்க்கம் நம்மை அழைத்துச் செல்லும் இடம், சம்பளமின்றி ஆடுவது புனிதம் என்ற பழைய கொள்கையன்று. அவர்களுக்கு உரியதைக் கொடுங்கள் என்பதே. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் ஒருமனதாக அத்திசையைக் காட்டியது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகவே பணம் வழங்கலாம் என்றாயிற்று. முதலாண்டுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் விதிக்கப்பட்ட உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். இதைக் கண்டு பதறுபவர்கள் பலர். எனக்கு இதில் ஒரு நிம்மதியே உண்டாகிறது. நூறாண்டுகளுக்கு மேலாகத் திரைக்குப் பின்னால் நின்றிருந்த ஒன்று மேடைக்கு வந்திருக்கிறது. அவ்வளவே.

அதன்பின் எஞ்சுவது ஒரே கேள்வி: இத்தொழிலை நடத்துவது பல்கலைக்கழகத்தின் வேலைதானா? பசிபிக் கரையிலுள்ள ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் 2024 முதல் அட்லாண்டிக் கரையின் கூட்டமைப்பில் ஆடுகிறது. 1899-இல் அதிசயமாகப் பேசப்பட்ட 2,500 மைல், இன்றைய மாணவருக்குச் சாதாரணப் பயணம். சுவானி அந்த ஆறு நாட்களில் வென்ற ஐந்து பல்கலைக்கழகங்களும் ஏதேனும் ஒரு காலத்தில் அது விட்டு வந்த அதே தென்கிழக்குக் கூட்டமைப்பில் இருந்தவையே. டுலேன் 1966-இல் வெளியேறியது. மற்ற நான்கும், 2024-இல் டெக்சஸ் வந்து சேர்ந்ததோடு, அங்கேயே இருக்கின்றன. தோற்றவர்கள் தங்கினார்கள், வென்றவர் எழுந்து போனார். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சுவானியைப் போல் போக வேண்டும் என்பதல்ல என் வாதம். தங்குபவர்கள், தாங்கள் நடத்துவது தொழில் என்று ஒப்புக்கொண்டு உழைப்பவர்க்குக் கூலி தரட்டும். அது கல்வியோடு பொருந்தாது என்று நினைப்பவர்கள் எழுந்து போகட்டும். இரண்டும் நேர்மையான வழிகள். இடைப்பட்ட பாசாங்குதான் நேர்மையற்றது.

இலக்கிய வாசகர்களுக்குச் சுவானி வேறொரு காரணத்தால் அறிமுகமாகியிருக்கக்கூடும். 1892-இல் அங்கு தொடங்கிய சுவானி ரிவ்யூ என்ற காலாண்டிதழ் இன்றுவரை இடையறாது வெளிவருகிறது. நாற்பதுகளின் நடுவில் ஆலன் டேட் அதன் ஆசிரியராக இருந்தார். நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸ் 1983-இல் மறைந்தபோது, அங்கு பயின்ற தன் தாத்தாவின் நினைவாகத் தன் படைப்புகளின் உரிமையை அக்கல்லூரிக்கே எழுதிவைத்திருந்தார். கால்பந்தை விட்டதால்தான் இலக்கியம் செழித்தது என்று நான் நிறுவ வரவில்லை. இதழ் அணியின் வெற்றிக்கும் முந்தியது. ஒன்றை மட்டும் சொல்வேன். ஒரு சிறிய நிறுவனத்தால் எல்லாவற்றிலும் பெரிதாக இருக்க முடியாது. எதில் பெரிதாக இருக்க விரும்புகிறோம் என்று அது ஒருநாள் முடிவு செய்தாக வேண்டும். சுவானிக்கு அந்த முடிவை எடுக்க, ஆறு நாட்களின் புகழிலிருந்து நாற்பத்தோரு ஆண்டுகள் பிடித்தன.