26 துணை விமானிகளுக்கு ஒரே கேப்டன்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் பிழைக்கப் போன எங்களுக்கு விமானம் என்றாலே நடுராத்திரிதான். அந்த நேரத்து டிக்கெட்தான் எங்கள் கைக்கு எட்டும். அதை ஓட்டுகிறவரும் தூக்கத்தை விட்டுத்தானே வருகிறார்? இத்தனை சாவுக்குப் பிறகும் அதை ஏன் மறக்கிறீர்கள், விமான நிறுவனத்தாரே?

2020 ஆகஸ்ட் 6 இரவு. மூணாறு பெட்டிமுடி நிலச்சரிவில் தோட்ட லயங்களோடு மண்ணுக்குள் போன எங்கள் தமிழ்ச் சனம் 70 பேர். அந்த அழுகை ஓயுமுன், மறுநாள் இரவு கோழிக்கோட்டு விமான நிலையமான கரிப்பூரில் துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து பிளந்தது. 21 உயிர். மழை, மழை என்றார்கள்.

விசாரணை அறிக்கையைப் படித்தால் வயிறு எரிகிறது. கோழிக்கோட்டில் துணை விமானிகள் 26 பேர். நிரந்தரமாகப் போட்டிருந்த கேப்டன் ஒரே ஒருவர். அன்று விமானத்தை இறக்கியவருக்கு மறுநாள் காலையிலும் டியூட்டி. எப்படியாவது கோழிக்கோட்டிலேயே இறங்கிவிட வேண்டும் என்ற முனைப்புக்கு அதுவும் காரணம் என்கிறது அறிக்கை. முதல் முயற்சியில் கேப்டன் பக்கத்து வைப்பர் நின்றுபோனது. அடுத்த முறை பின்காற்றோடு வந்து, ஓடுபாதையில் பாதி கழிந்த பிறகு சக்கரம் தரை தொட்டது. மறுபடி மேலே கிளம்பச் சொன்ன துணை விமானியின் குரல் எடுபடவில்லை. முறையை மீறியவர் கேப்டன்தான், மறுக்கவில்லை. அவர் தன் உயிரையே கொடுத்துவிட்டார். அந்த டியூட்டியைப் போட்டவர்கள் என்ன கொடுத்தார்கள்?

தூக்கக் கலக்கம் என்ன செய்யும்? இறங்குவதற்கு முன் ஒருவர் சரிபார்ப்புப் பட்டியலை வாசிப்பார். மற்றவர் சக்கரம் இறங்கியதா, இறக்கை மடிப்பு சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். கண் சொக்கிப் போனவருக்கும் வாய் பதில் சொல்லிவிடும், கண் பார்த்திருக்காது. 2010 மே 22, மங்களூர் விமான விபத்தில் 158 பேர் கருகினார்களே, அந்தக் கேப்டன் வழியில் 1 மணி 40 நிமிடத்துக்கு மேல் தூங்கியிருந்தார். பக்கத்தில் இருந்தவர் மூன்று தடவை எச்சரித்தும் விமானம் மேலே எழும்பவில்லை. பத்து வருடம் கழித்துக் கரிப்பூரிலும் அதே கதை!

2022 அக்டோபரில் வடக்கஞ்சேரி அருகே சுற்றுலா பஸ் மோதிப் பள்ளிப் பிள்ளைகள் உட்பட 9 பேர் செத்தபோது, வேளாங்கண்ணி போய்த் திரும்பிய களைப்போடு டிரைவர் வண்டி எடுத்ததாகக் கேள்விப்பட்டு ஊரே கொதித்தது. நியாயமான கொதிப்பு. ஆகாயத்துக் களைப்புக்கு மட்டும் சலுகையா?

விமானிக்கு வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி, இரவு இறக்கம் ஆறிலிருந்து இரண்டு என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. எழுதியது 2024 ஜனவரியில். அந்த ஜூனிலேயே வரவேண்டியது. தள்ளிப்போட்டார்கள். விமானிகள் டெல்லி உயர்நீதிமன்றம் வரை போன பிறகு 2025-ல் இரண்டு தவணையாக வந்தது. டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததும், இரவு விதிகளைத் தளர்த்திக் கொடுத்தார்கள். தயாராக ஒன்றரை வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்ததே!

கவுண்டரில் எங்கள் பெட்டி ஒரு கிலோ கூடினால் கயிற்றை அவிழ்க்கச் சொல்கிறீர்கள். பிள்ளைக்கு வாங்கிய பால் பவுடர் டின்னை வெளியே எடுத்துவைக்கிறோம். விதி விதிதான் என்கிறீர்கள். அந்தக் கண்டிப்பை விமானியின் ஓய்வு நேரத்தில் காட்டுங்கள்.