பிரிந்தவர்களைப் பேசவிடுங்கள்

சயன்டாலஜியின் தலைவர் திரு. டேவிட் மிஸ்கேவிஜ் அவர்களுக்கு,

உங்கள் நிறுவனர் எல். ரான் ஹப்பர்ட் எழுதியதை மெய்யென்று நம்ப உங்கள் மக்களுக்கு முழு உரிமை உண்டு. அந்த நம்பிக்கையைப் பழிக்க நான் வரவில்லை. உங்களை விட்டு விலகி, தாம் கண்டதை இணையத்தில் எழுதியவர்களை உங்கள் அமைப்பு நடத்திய விதத்தைப் பற்றித்தான் பேச வந்தேன்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் ஒரு வழக்குக் கட்டு இருந்தது. உங்கள் ரகசியப் பாடங்களின் பகுதிகள் அதில் இருந்தன. யார் கேட்டாலும் படிக்கலாம். எனவே உங்கள் ஆட்கள் நாள்தோறும் போய் அதை வாங்கித் தங்கள் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். 1995 ஆகஸ்டில் அந்தக் கட்டுக்கு முத்திரை விழுவதற்குள் அதன் பிரதி இணையத்தில் ஏறிவிட்டது. அடுத்த மாதமே, அந்தப் பிரதி ஏறியிருந்த நெதர்லாந்தின் இணையச் சேவை நிறுவனமான எக்ஸ்எஸ்ஃபோர்ஆலுக்குள் அமீனாவோடு நுழைந்தீர்கள். அதைக் கண்டு கொதித்த எழுத்தாளர் காரின் ஸ்பைங்க் அதே ஆவணத்தைத் தன் பக்கத்தில் ஏற்றினார். அவர்மீது பத்தாண்டு வழக்கு. 2003இல் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

பின்லாந்தில் நடந்தது இன்னும் வருத்தமானது. பெயரை மறைத்து மின்னஞ்சல் அனுப்ப யோஹான் ஹெல்சிங்கியஸ் ஒரு சேவை நடத்தினார். வெளியே சொல்ல அஞ்சிய துயரங்களைச் சொல்லப் பல லட்சம் பேருக்கு அது வழியாக இருந்தது. உங்கள் புகாரின் பேரில் போலீஸ் வந்தது. அந்தச் சேவையைப் பயன்படுத்திய ஒருவரின் அடையாளத்தை ஹெல்சிங்கியஸ் கொடுக்க நேர்ந்தது. 1996இல் சேவையையே மூடிவிட்டார். உங்கள் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாதவர்களும் அன்று வாயடைக்கப்பட்டார்கள்.

எதிர்த்தரப்பிலும் தவறு உண்டு. 2008இல் 'அனானிமஸ்' என்ற பெயரில் திரண்ட இணையக் கூட்டத்தினர் உங்கள் இணையதளத்தை முடக்கியது குற்றம். அதற்காகச் சிலர் சிறைக்குப் போனார்கள். போகட்டும்.

பிரிந்தவர்கள் ஏன் இணையத்தில் எழுதுகிறார்கள் என்று அறிய மைக் ரிண்டரை எண்ணிப் பாருங்கள். உங்கள் செய்தித் தொடர்பாளராக இருந்தவர், 2007இல் வெளியேறினார். பிள்ளைகள் தம்மோடு உறவை முறித்துக்கொண்டதைத் திரும்பத் திரும்ப எழுதினார். 2025 ஜனவரியில் காலமானார். இணையத்தில் உங்களை எதிர்த்து எழுதும் பலருக்கு உள்ளே பிள்ளையோ தாயோ உடன்பிறந்தவரோ இருக்கிறார்கள். போனில் பேச முடியாதவர்கள் ஊரறிய எழுதுகிறார்கள்.

உறவை முறிப்பது அவரவர் விருப்பம் என்று உங்கள் அமைப்பு சொல்கிறது. ஆனால் 'சப்ரெசிவ்', அதாவது அமைப்பின் எதிரி, என்று முத்திரை குத்தப்பட்டவரோடு தொடர்பு வைத்திருப்பவருக்கு ஆடிட்டிங் என்னும் ஆன்மிக ஆலோசனையும் பயிற்சியும் நிறுத்தப்படுவது ஹப்பர்ட் வகுத்த விதி. நம்பிக்கையா, பெற்ற தாயா என்று ஒரு மகளைத் தேர்ந்தெடுக்க வைத்த பிறகு அதை விருப்பம் என்று எப்படிச் சொல்வது?

1986இல் ஹப்பர்ட் மறைந்த பிறகு அமைப்பை நடத்தி வருபவர் நீங்கள். உங்கள் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். வெளியேறிய உறவினரோடு பேசுபவருக்கு எந்தப் பயிற்சியும் நிறுத்தப்படாது என்று அதில் எழுதுங்கள். அது எல்லாக் கிளைகளிலும் வாசிக்கப்படட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்