பரங்கிமலை கேட்டுக்குள் நம் வக்கீல்கள் எப்போது போவார்கள்?

பல்லாவரத்தில் நான் சந்திக்கும் சட்டக் கல்லூரி மாணவர்களிடம் "ஜேஏஜி தெரியுமா?" என்று கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அது ராணுவத்தின் சட்டப் பிரிவு, தோழர்களே. கோர்ட் மார்ஷலில் சட்டம் இதுதான் என்று எடுத்துச் சொல்லும் அதிகாரி அங்கிருந்துதான் வருவார். ஒரு சிப்பாயின் வேலை, பென்ஷன், சில நேரம் விடுதலையேகூட அந்த ஆலோசனையைப் பொறுத்தது. இந்த அதிகாரிகளை உருவாக்கும் ஓ.டி.ஏ. நம் பக்கத்து பரங்கிமலையில்தான் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் அர்ஷ்னூர் கவுர் வழக்கில், இந்தப் பிரிவில் ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 3 என்று இடம் பிரித்தது செல்லாது, ஒரே தகுதிப் பட்டியல் போடுங்கள் என்றது உச்ச நீதிமன்றம். தேர்வான ஆண்களைவிட அதிக மதிப்பெண் எடுத்த பெண்களுக்கு இடம் கிடைக்காமல் போயிருந்தது. நல்ல தீர்ப்பு, வரவேற்கிறேன். ஆனால் அந்த ஒரே பட்டியல்வரை யார் வந்து சேர்கிறார்கள்?

ராணுவ அதிகாரிப் பணியில் எஸ்.சி., எஸ்.டி. இடஒதுக்கீடு கிடையாது. சட்டப் படிப்பில் 55 சதவீதம், கிளாட் பி.ஜி. மதிப்பெண், அப்புறம் ஐந்து நாள் எஸ்.எஸ்.பி. நேர்காணல். எல்லாம் 27 வயதுக்குள். பகலில் கல்லூரி, ராத்திரி டெலிவரி வேலை என்று ஓடுகிற பிள்ளை கோச்சிங்குக்கு எங்கே போவான்? (அம்பேத்கரின் அப்பா ராணுவ சுபேதார். 1890களில் மகர்களைச் சேர்ப்பதை ஆங்கிலேயர் நிறுத்தியபோது மனு எழுதிப் போராடியதும் நம் ஆட்கள்தான்.)

அதிகாரிகளில் தலித்துகள் எத்தனை பேர் என்ற கணக்கை நாம் கேட்டே ஆக வேண்டும். அதுவரை காத்திருக்காமல் அடுத்த கிளாட் பி.ஜி.க்கு விண்ணப்பம் போடுங்கள். கட்டணம்தான் தடை என்றால் என்னிடம் பேசுங்கள், வழி பார்ப்போம்.