பாருக்குள் போய் பிடித்தார்கள்!

2006ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில மதுபான ஆணைய அதிகாரிகள் இர்விங் நகரில் 36 பார்களுக்குள் நுழைந்து 30 பேரைக் கைது செய்தார்கள். குற்றம்? பொது இடத்தில் போதை. சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டவனைப் பிடித்த கதைதான்! உரிமம் பெற்ற பாரும் அங்கே பொது இடம், அதை மறுக்க முடியாது. ஆனால் வெறும் போதை குற்றமில்லையே. தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரக்கூடிய அளவுக்குப் போதை இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரால் யாருக்கு ஆபத்து? வெளியே போய் வண்டி ஓட்டிவிடுவாராம். சாவியைத் தொடும் முன்பேயா? பொறுப்பேற்கும் ஒருவரோடு வீட்டுக்கு அனுப்பவும் சட்டத்தில் வழி உண்டு. முதல் முறை சிக்கினால் தண்டனையே 500 டாலர் வரை அபராதம்தான், சிறை கிடையாது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த வேட்டையை நிறுத்தினார்கள். சட்டத்தில் பார் இன்னும் பொது இடம்தான்.