குழாய் வழியே வரும் காற்று

வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் எனச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் வகைப்படுத்தியது. பிரித்தானியப் பாதுகாப்பு அதிகாரிகள் 2019 முதல் சாதாரண உருக்கை ஒட்டும் புகைக்கும் கட்டுப்பாடு கோருகின்றனர். நான் கண்ட பட்டறைகளிலோ கறுப்புக் கண்ணாடியும் மூக்கில் கட்டிய கைக்குட்டையுந்தான். கண்ணாடி கண்ணைக் காக்கும். சுவாசப்பையை யார் காப்பது?

இதற்கெனவே குழாய்வழி காற்றூட்டும் தலைக்கவசங்கள் உள்ளன. அவற்றை வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடும் முதலாளிமாரைத்தான் நான் குறை சொல்வேன். கம்பிரசர் காற்றிழுக்கும் வாய் லொறியின் புகைக்குழாய்க்கு அருகில் இருந்தால், தொழிலாளியின் முகத்துக்குப் போவது காபனோரொட்சைட்டு. எண்ணெயிட்ட கம்பிரசர் அளவுமீறிச் சூடேறினாலும் அதே நஞ்சுதான். நிறமில்லை, மணமில்லை, சாதாரண வடிகட்டியும் அதைத் தடுக்காது. அதைக் கண்டறிந்து ஒலியெழுப்பும் கருவி வேண்டும். அந்தச் செலவுக்குத்தான் எவருக்கும் மனம் வருவதில்லை. காற்றுப் போதவில்லையென்று ஒட்சிசன் சிலிண்டரை இணைப்பதோ கொலைக்கு ஒப்பானது. ஒரு தீப்பொறி போதும்.

இன்னொன்று. பற்றரி விசிறி பொருத்திய கவசம் சுற்றியுள்ள காற்றை வடிகட்டுமேயன்றி ஒட்சிசனைத் தராது. அதை மாத்திரம் நம்பி மூடிய தாங்கிக்குள் ஆளை இறக்கக்கூடாது.