ஆளைக் காணோம்!

எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் நண்பர்கள் தங்கள் ஆபீஸ் மின்னஞ்சல்களை எனக்குக் காட்டுவதுண்டு. எல்லாவற்றிலும் ஒரே பல்லவி: ‘கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது, தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.’ யார் கொண்டுவந்தார்? யார் எடுக்கிறார்? எப்போது முடியும்? கேட்கக் கூடாது!

இதற்கு மரியாதை என்று பெயராம். ஒளிந்துகொள்ளும் வித்தை என்கிறேன் நான். தமிழில் வினைச்சொல்லின் வாலிலேயே ஆள் இருக்கிறான். ‘மூடினேன்’ என்றால் நான். ‘மூடினார்’ என்றால் அவர். ‘மூடப்பட்டது’ என்றதும் ஆள் கம்பி நீட்டிவிடுகிறான்.

நடை அழகுக்காக நான் வழக்காடவில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறி, வீடுகளை விட்டுத் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அப்படிப்பட்ட வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘வால்வில் வழக்கத்துக்கு மாறான நிலை காணப்பட்டது’ என்று எழுதலாமா?

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘மூன்றாம் நம்பர் வால்வு கசிகிறது. அந்த லைனை நான் நிறுத்திவிட்டேன். காலை எட்டு மணிக்குள் ஃபிட்டரை நீங்கள் அனுப்ப வேண்டும்.’ மூன்றே வாக்கியம். ஆள் இருக்கிறான், வேலை இருக்கிறது, நேரம் இருக்கிறது.

இதை எழுதப் பண்டிதர் எதற்கு? பொறுப்பேற்கத் துணிந்த ஒரு மனிதர் போதும்.