தட்டும் சுழலட்டும், குரலும் ஒலிக்கட்டும்!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

இசைக்கு மயங்காத உள்ளம் இல்லை என்பர். ஆனால் எது இசை, எது இரைச்சல் என்னும் வழக்கு மட்டும் இன்றுவரை தீர்ந்தபாடில்லை. அவ்வழக்குகளுள் ஒன்றை ஆசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

விடுதியில் என் அறை நண்பன் கைப்பேசியில் ஓர் இசையைக் கேட்டுக்கொண்டிருந்தான். இலண்டனில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த 'ஜங்கிள்' இசை அது. அதன் வழிவந்ததே 'டிரம் அண்ட் பேஸ்'. நிமிடத்திற்கு 160 முதல் 175 வரை தாளத் துடிப்புகள். விநாடிக்கு ஏறத்தாழ மூன்று! அந்த முழக்கத்தின் மேல் ஒருவர் விடாது பேசிக்கொண்டிருந்தார். "நல்ல தாளத்தை இந்த ஆளு பேசியே கெடுக்கிறானேடா!" என்றான் நண்பன். அங்கேயும் இதே குறையைச் சொல்வோர் உண்டு. கெடுக்கவில்லை என்பதே என் கட்சி.

அப்படிப் பேசுபவரை 'எம்.சி.' என்பர். விழாவை நடத்துபவர் என்பது பொருள். இக்கலையின் தாய்வீடு ஜமைக்கா. அங்கே 1950களில் கிங்ஸ்டன் நகரில் ஒலிபெருக்கிகளை அடுக்கி, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, ஏழை மக்கள் ஆடினர். கவுண்ட் மச்சூக்கி போன்றோர் தட்டின்மேல் பேசி மக்களை மகிழ்வித்தனர். 1970இல் யூ-ராய் என்பவர் அத்தகைய பேச்சையே இசைத்தட்டாக்கிப் புகழ்பெற்றார். பிழைப்புத் தேடிப் பிரிட்டனுக்குச் சென்ற கரீபிய மக்கள் இக்கலையையும் உடன் கொண்டு சென்றனர். அவர்களுடைய பிள்ளைகளும், அவர்களோடு வளர்ந்த வெள்ளை இளைஞர்களும் சேர்ந்து ஆக்கியதே ஜங்கிள். ஆகவே எம்.சி. இடையில் நுழைந்தவர் அல்லர். அந்த இசைக்கே மூத்தவர்.

அவர் செய்யும் பணிதான் என்ன? தட்டுகளை இணைக்கும் டி.ஜே.யின் கைகளுக்கு ஓய்வில்லை. தலையும் குனிந்தே இருக்கும். அவருக்கும் கூட்டத்திற்கும் இடையே பாலமாக நிற்பவர் எம்.சி. ஒரு பாடல் மக்களைக் கவர்ந்து அவர்கள் ஆரவாரித்தால், தட்டைப் பின்னுக்கு இழுத்து மீண்டும் முதலிலிருந்து ஒலிக்கவிடுமாறு டி.ஜே.யிடம் சொல்வார். இந்த இசையில் முரசு விரைந்து ஓடும். அடித்தளத்துப் பேஸ் ஒலியோ பாதி வேகத்தில் நடக்கும். எம்.சி. சிலபோது முரசோடு ஓடுவார். சிலபோது பேஸோடு நடப்பார். அலைகளின் மேற்பொருந்துதலைப் பாடத்தில் படிக்கும் எனக்கு இது வியப்பைத் தருகிறது.

உரிமம் இல்லாத வானொலிகளும் இவ்விசையை வளர்த்தன. 1991இல் தொடங்கிய கூல் எஃப்.எம். அவற்றுள் ஒன்று. நேயர்கள் தொலைபேசியில் அழைப்பார்கள், எம்.சி. அவர்கள் பெயரைச் சொல்லி வாழ்த்துவார். எந்த ஏட்டிலும் பெயர் வராத ஓர் ஏழை இளைஞனுக்குத் தன் பெயர் காற்றில் ஒலிப்பது சிறிய செய்தியா?

மறுதரப்பின் வாதத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேடையில் பலர் ஒலிவாங்கிக்குப் போட்டியிட்டு, மூச்சுவிடாமல் பேசினால் இசை நசுங்கத்தான் செய்யும். ஆனால் அது ஆளின் குறையேயன்றிக் கலையின் குறை அன்று. எல்.டி.ஜே. புக்கெமின் இசையோடு இணைந்து புகழ்பெற்ற எம்.சி. கான்ராட், எங்கே பேசுவது, எங்கே இசைக்கு வழிவிடுவது என்று அறிந்தவர். 1997இல் பிரிட்டனின் மெர்க்குரி பரிசை வென்ற 'நியூ ஃபார்ம்ஸ்' தொகுப்பைப் படைத்த ரோனி சைஸ் குழுவில் டைனமைட் எம்.சி.யும் ஒருவர். குரல் கெடுத்திருந்தால் பரிசு கிடைத்திருக்குமா?

என்னை வருத்துவது வேறொன்று. டி.ஜே. ஆக்கிய இசை தட்டில் நிலைக்கிறது. எம்.சி. அன்றிரவு பேசியதோ காற்றோடு போகிறது. அக்கால நிகழ்ச்சிகளின் ஒலிநாடாக்களில்தான் அது மிஞ்சியிருக்கிறது. ஸ்டீவி ஹைப்பர் டி 1998இல் மறைந்தார். ஸ்கிபாடி 2022இல் மறைந்தார். கான்ராடும் 2024இல் மறைந்தார். அந்த நாடாக்களைக் கேட்டு மனப்பாடம் செய்த சிறுவர்கள் சிலர், பின்னாளில் 'கிரைம்' என்னும் புதிய இசையைத் தந்தார்கள். விதையை மறந்து கனியை மட்டும் புகழ்வது முறையாகுமா?

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். என் தந்தையார் கையெழுத்து மட்டுமே போடுவார். ஆனால் அவர் கதை சொன்னால் தெருவே கூடும். ஏட்டில் ஏறாத திறமை திறமையே அன்று என்று யாரும் சொன்னால் எனக்கு வலிக்கிறது. ஜங்கிளின் எம்.சி.க்காக நான் வழக்காடுவதும் அதனால்தான்.

விளம்பரத்தில் டி.ஜே.யின் பெயருக்கு இணையாக எம்.சி.யின் பெயரும் வரட்டும். ஊதியமும் அவ்வாறே அமையட்டும். பழைய ஒலிநாடாக்கள் நூல்களைப்போல் காக்கப்படட்டும். தட்டும் சுழலட்டும், குரலும் ஒலிக்கட்டும்!